அசரியா வாயைத் திறந்த வாரம்

பொழிச்சலூரில் அசரியா வீட்டுக்கு வேலைக்கு வர எலக்ட்ரீஷியன்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். காபி கொடுத்து, மின்விசிறிக்கு நேராக நாற்காலி போட்டு, மரியாதையாகத்தான் நடத்துவார். ஆனால் வேலை முடிந்ததும் சட்டைப் பையிலிருந்து சின்ன ரசமட்டம் ஒன்றை எடுத்து சுவிட்ச் பலகையின் மேல் வைப்பார். குமிழி நடுவில் நிற்காவிட்டால், "தம்பி, கொஞ்சம் கழட்டிட்டு மாட்டிடலாமா?" என்பார். கேட்கும் குரல் அத்தனை கனிவாக இருப்பதால் கோபித்துக்கொள்ளவும் முடியாது.

தொழில் அப்படி. மறைமலை நகரில் கார்களுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தர ஆய்வுப் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவர். இயந்திரத்திலிருந்து சூடாக வந்து விழும் இரும்பு வளையத்தை எடுத்து, துடைத்து, அளந்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, மறுபடி அளந்து, அப்புறம்தான் பச்சைத் தட்டில் வைப்பார். தவறு நடப்பதை அவர் பெரிதாக நினைப்பதில்லை. தவறு கதவைத் தாண்டி வெளியே போவதைத்தான் பாவம் என்று நினைத்தார்.

அப்படிப்பட்டவருக்கு நாற்பத்தேழாவது வயதில் ஊழியத்துக்கு அழைப்பு வந்தது. சபையில் நடந்த மிஷனரிக் கூட்டத்தில் பென்னி என்ற இளைஞர் பேசினார். பொலிவியா நாட்டில் ஏழெட்டு வருடம் ஊழியம் செய்துவிட்டு வந்தவர். அங்கே மலைமேல் ஓர் ஊர், அங்கே பிள்ளைகளுக்கான ஒரு விடுதி, அந்த விடுதியில் யாரோ நன்கொடையாகக் கொடுத்த கடைசல் இயந்திரங்கள், அவற்றை ஓட்டக் கற்றுக்கொடுக்க ஆளில்லாமல் துரு ஏறிக்கொண்டிருக்கின்றன என்றார். துரு என்ற சொல்லைக் கேட்டதும் அசரியா நிமிர்ந்து உட்கார்ந்தார். "போவதற்கு யார் இருக்கிறீர்கள்?" என்று பென்னி கேட்டபோது கையைத் தூக்கிவிட்டார்.

பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி பிளஸ்ஸி அதைப் பார்த்தாள். மின்விசிறியின் வேகத்தைக் குறைக்கச் சொல்கிறார் என்றுதான் நினைத்தாள். வீட்டுக்குப் போகும் வழியில்தான் விஷயம் தெரிந்தது. பம்மல் திருப்பம் வரைக்கும் அவள் ஒன்றும் பேசவில்லை. பிளஸ்ஸி அவ்வளவு தூரம் பேசாமல் வந்தது அதுதான் முதல் தடவை.

"பொலிவியா எங்க இருக்குன்னாவது தெரியுமா உங்களுக்கு?"

"தென் அமெரிக்கா."

"அங்க என்ன பாஷை?"

"ஸ்பானிஷ். சொல்லிக்கொடுத்துக் கூட்டிட்டுப் போவாங்க. நீ கவலைப்படாத, உனக்கு வராட்டியும் நான் பார்த்துக்கறேன்."

இந்த வாக்கியத்தைப் பிளஸ்ஸி பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டாள்.

மகன் கோவையில் கல்லூரி விடுதியில் இருந்ததால் வீட்டில் பெரிய தடை ஏதும் இல்லை. அசரியா வேலையை விட்டார். வீட்டை வாடகைக்கு விட்டார்கள். சபையில் வழியனுப்பு ஆராதனை நடந்தது. பொன்னாடைகள் குவிந்தன. பெண்கள் ஐக்கியத்தில் பாதிப் பேர் அழுதார்கள். மலைமேல் குளிரும் என்று ஒருவர் குரங்குக் குல்லா கொடுத்தார், வேறொருவர் மாங்காய்த் தொக்கு கொடுத்தார். அசரியா தமிழில் ஜெபித்தால் மழை நின்று கேட்கும் என்று சபையில் சொல்வார்கள். அன்று அவர் செய்த கடைசி ஜெபம் அத்தனை நீளமாகவும் அழகாகவும் இருந்தது. ஆயரே நடுவில் ஒரு கண்ணைத் திறந்து கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

மறுநாள் காலை இருவரும் நான்கு பெட்டிகளோடு வண்டி ஏறினார்கள். பொலிவியாவுக்கு இல்லை, பீர்க்கன்கரணைக்கு. பயிற்சி நிலையம் அங்கே ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மாடி வீட்டில் இருந்தது. பெருங்களத்தூரில் நெரிசல் இருந்தும், தொக்கு ஜாடியின் மூடி இளகுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

பென்னி அன்றைக்கே விதிகளைச் சொல்லிவிட்டார். அசரியாவைவிடப் பத்து வயது சின்னவர். ஆனாலும் பயிற்சி நிலையத்துக்கு அவர்தான் பொறுப்பு.

"பிரதர், சிஸ்டர், ஒண்ணே ஒண்ணுதான். சாப்பாட்டு மேஜையில தமிழ் கிடையாது, இங்கிலீஷும் கிடையாது. என்ன வேணுமோ ஸ்பானிஷ்ல கேட்டு வாங்கிக்கணும். கேட்காதது தட்டுல விழாது. அப்புறம், வர்ற சனிக்கிழமை பொலிவியா சபையோட வீடியோ கால். உங்க ரெண்டு பேரையும் பார்த்துட்டு, வேணுமா வேண்டாமான்னு அவங்கதான் சொல்வாங்க."

"ஒரு வாரத்துலயா?" என்றார் அசரியா.

"நல்லா பேசணும்னு அவங்க எதிர்பார்க்கல பிரதர். பேச வாயைத் திறக்கறாங்களான்னு பார்ப்பாங்க. போன வருஷம் ஒரு டாக்டரை வேண்டாம்னுட்டாங்க."

"ஏன்?"

"படிப்பெல்லாம் பெரிய படிப்பு. கால் முடியற வரைக்கும் சிரிச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தார். பேசாத மனுஷனோட ஒரே மேஜையில எப்படி சாப்பிடறதுன்னு கேட்டாங்க. ஜோடியா போனா ரெண்டு பேரும் தேறணும். ஒருத்தரை மட்டும் எடுத்துக்க மாட்டாங்க."

அசரியா தலையாட்டினார். உள்ளுக்குள் அவருக்கு ஒரே ஒரு கவலைதான், பிளஸ்ஸியைப் பற்றி.

வகுப்பு எடுத்தவள் ஓவியா. ஐ.டி. கம்பெனி ஒன்றில், எங்கோ மெக்சிகோவில் இருந்து போன் பில்லைப் பற்றிப் புகார் சொல்பவர்களுக்குப் பதில் சொல்லும் வேலையில் மூன்று வருடம் இருந்தவள். சாமி பூதம் எதைப் பற்றியும் அவளுக்கு அக்கறை இல்லை. சம்பளத்துக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவள், ஆனால் வந்த வேலையை விடமாட்டாள்.

"சார், எனக்குத் தெரிஞ்ச ஸ்பானிஷ் எல்லாம் என்னைத் திட்டினவங்க கத்துக்கொடுத்தது. அதனால பயப்படாம பேசுங்க. நீங்க என்ன தப்பு பண்ணாலும் அதைவிட மோசமா நான் கேட்டிருக்கேன்."

முதல் வகுப்பின் முடிவிலேயே, அதுவரை சொன்னதை வைத்து ஒரு எழுத்துத் தேர்வு வைத்தாள். அசரியா ஒரு தவறும் இல்லாமல் எழுதியிருந்தார். எழுத்துக்களின் தலைமேல் வரும் கோடுகளைக்கூட ஸ்கேல் வைத்துப் போட்டிருந்தார். பிளஸ்ஸியின் தாளை ஓவியா ஒருமுறை தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தாள். "அக்கா, இதுல எது கேள்வி, எது பதில்?" என்றாள்.

அசரியாவுக்கு மனைவிமேல் இரக்கம் உண்டாயிற்று. சாயங்காலம் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பது என்று தீர்மானித்துக்கொண்டார். அந்த இரக்கம் மத்தியானச் சாப்பாடு வரைக்கும்தான் நிலைத்தது.

சமையல் செய்யும் கங்கம்மா சோற்றுப் பாத்திரத்தை நடுவில் வைத்தாள். சாம்பார் மேஜையின் அந்தக் கோடியில் பென்னிக்குப் பக்கத்தில் இருந்தது. அசரியா மனதுக்குள் வாக்கியத்தைச் செய்ய ஆரம்பித்தார். 'அன்புகூர்ந்து' என்று தொடங்குவதா, கடைசியில் வைப்பதா? பென்னி வயதில் சின்னவர், பொறுப்பில் பெரியவர், அவரை நீ என்பதா நீங்கள் என்பதா? சாம்பார் ஆணா பெண்ணா? ஸ்பானிஷில் எல்லாப் பொருளுக்கும் ஆண் பெண் உண்டு என்று காலையில்தான் ஓவியா சொல்லியிருந்தாள். சாம்பாரை அந்த மொழி பார்த்ததே இல்லையே, யாரைக் கேட்பது? ஒவ்வொரு சொல்லையும் எடுத்து, துடைத்து, அளந்து, திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாம்பார்! இங்க! க்ராசியாஸ்!" என்றாள் பிளஸ்ஸி. நன்றிக்கான ஸ்பானிஷ் சொல் வந்துவிட்டது, இங்கே என்பதற்கானது மறந்துபோனதால் விரலால் தன் தட்டைக் காட்டினாள். பென்னி சிரித்துக்கொண்டே பாத்திரத்தைத் தள்ளினார். அடுத்து அப்பளம் கேட்டாள். அப்பளத்துக்கு வட்டமாகக் கை காட்டி, கடித்து நொறுக்குவதுபோல் வாயில் சத்தம் செய்தாள். அதுவும் வந்தது. பிறகு பென்னியின் மனைவி, பிள்ளைகள், ஊர், உடம்பு எல்லாவற்றையும் விசாரித்தாள். கையிலிருந்த ஸ்பானிஷ் சொற்கள் ஒரு பிடி இருந்தால் அதிகம். அதை வைத்துக்கொண்டே அவருக்குத் தைராய்டு இருப்பது வரைக்கும் தெரிந்துகொண்டாள்.

அசரியாவின் வாக்கியம் தயாரானபோது சாம்பார் காலி. அன்றைக்கு அவர் சோற்றைத் தண்ணீர் தொட்டுச் சாப்பிட்டார்.

இதில் அதிசயப்பட ஒன்றும் இல்லை என்று பொழிச்சலூரில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். அவர்கள் வீட்டு மாடியில் ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளிகள் குடியிருந்தார்கள். பிளஸ்ஸி தானே கண்டுபிடித்த ஒரு இந்தியில் அவர்களோடு பேசி, ஒருவனுக்கு ஊரில் பெண் பார்த்த விவகாரம் வரைக்கும் தீர்த்து வைத்திருக்கிறாள். மொழி தெரியாதது பிளஸ்ஸிக்கு என்றைக்குமே தடையாக இருந்ததில்லை. எதிரில் இருப்பவருக்குத்தான் கொஞ்சம் சிரமமாக இருந்திருக்கிறது.

செவ்வாய்க்கிழமையும் அதே கதைதான். புதன்கிழமை அப்பளம் மட்டும் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்ததால் அப்பளமும் சோறும். கங்கம்மாவுக்குப் பொறுக்கவில்லை. மேஜையில்தான் தமிழ் கூடாது, சமையலறையில் கூடும் என்பது அவளுடைய சட்டம். கை கழுவ வந்தவரை உள்ளே இழுத்தாள்.

"இன்னா சார் நீ, மூணு நாளா வெறும் சோறு துன்னுகினு கீற? எதுனா விரதம் கிரதமா?"

"இல்லம்மா. கேட்கணும். கேட்க வரல."

"உன் வூட்டுக்காரம்மா மட்டும் இன்னா, அங்கயே பொறந்து வளந்துச்சா? கை ஆட்டுது, வாயால கொய்யுங்குது, எல்லாம் தட்டுக்கு வந்துகினே கீது. நீயும் ஆட்டேன்."

"தப்பா கேட்டா நல்லா இருக்காதும்மா."

"பேஜாரா போச்சு உன்னோட. இந்தா, நின்னுகினே துன்னு. பென்னி சாருக்குச் சொல்லாத."

ஒரு ஆம்லெட்டை அவர் கையில் வைத்தாள். ஊழியத்துக்கு அர்ப்பணித்துக்கொண்ட ஒருவர் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று ஆம்லெட் சாப்பிடுவது எத்தனை சரி என்ற கேள்வி அசரியாவுக்கு எழத்தான் செய்தது. ஆம்லெட் தீர்ந்த பிறகு எழுந்தது.

அன்று சாயங்காலம் போன் சார்ஜர் வாங்கப் பெருங்களத்தூருக்குப் போக வேண்டியிருந்தது. அதுவரை அவர் வெளியே தலைகாட்டவில்லை. அத்தனை பொன்னாடைகளை வாங்கிக்கொண்டு போன மனிதர் பேருந்து நிறுத்தத்தில் நிற்பதை யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று கூச்சம். கடையை விட்டு வெளியே வந்ததும் எதிரே சபைச் செயலாளர் சின்னப்பன் வாழைக்காயோடு நின்றுகொண்டிருந்தார்.

"பிரதர்! இன்னா, பொலிவியா அதுக்குள்ள முடிஞ்சிச்சா?"

"இல்லண்ணா. ட்ரெயினிங் இங்கதான். பீர்க்கன்கரணையில."

"அப்ப பொலிவியாவுக்கு வழி பீர்க்கன்கரணை மேலயா போவுது? ஞாயித்துக்கிழமை எங்க வூட்டம்மா உங்களுக்காக அழுத அழுகைக்கு ரெண்டு நாள் தலைவலி, தெரியுமா?"

"ட்ரெயினிங் முடிஞ்சு விசா வந்ததும் போறோம்ணா. சனிக்கிழமை அங்க இருந்து பார்த்துட்டு..." என்று இழுத்த அசரியா, எதற்குச் சொன்னோம் என்று உடனே வருந்தினார்.

"பார்த்துட்டு?"

"ஓகே சொல்வாங்க."

"சொல்லலைன்னா?"

அசரியா சார்ஜர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சொல்வாங்க, சொல்வாங்க," என்று சின்னப்பனே சமாதானம் சொன்னார். "உங்க ஜெபத்தை ஒரு தடவை கேட்டாப் போதாதா? சொல்லலைன்னாலும் இன்னா மோசம், நம்ம சபையிலேயே உக்காந்துக்கலாம். என்ன, திரும்பி வந்ததுக்கு இன்னொரு ஆராதனை வைக்கணும். பொன்னாடையை மட்டும் புதுசா கேட்காதீங்க பிரதர்."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு பேசுகிறவர் இல்லை. ஆனால் அசரியா அந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றார். விட்ட வேலையில் வேறொருவர் சேர்ந்தாயிற்று. வீட்டில் வேறொருவர் குடியேறியாயிற்று. திரும்பிப் போனால் மூன்றாவது வரிசையில் பழைய இடத்தில் உட்கார்ந்து, அழுதவர்கள் எல்லாருக்கும் ஒவ்வொருவராகப் பதில் சொல்ல வேண்டும்.

அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்தார். சனிக்கிழமைக்கு ஓர் உரை தயார் செய்வது. வாழ்த்து, அறிமுகம், அழைப்பு வந்த விதம், இயந்திரங்களின் பராமரிப்பு குறித்துச் சில சொற்கள், நன்றி. ஒவ்வொரு வரியையும் அகராதி பார்த்து எழுதி, நெட்டுருப் போட்டார். வியாழக்கிழமை ஓவியாவிடம் ஒரு சந்தேகம் கேட்டார்.

"நமக்குச் சாயங்காலம், அவங்களுக்குக் காலை. யாரோட நேரத்துக்கு வணக்கம் சொல்றது?"

"எந்த நேரத்துக்குச் சொன்னாலும் திரும்ப வணக்கம் சொல்வாங்க சார்."

"சரியானது எதுன்னு..."

"அறிமுகம்தானே சார் கேட்டாங்க? பட்டமளிப்பு விழாவா நடத்தறாங்க? வாங்க, இப்ப என்னோட பேசுங்க. நேத்து என்ன பண்ணீங்க? சும்மா சொல்லுங்க."

அசரியா வாயைத் திறந்தார். கடைக்குப் போனேன் என்று சொல்ல வேண்டும். போனதற்கு ஸ்பானிஷில் இரண்டு இறந்தகாலம் உண்டு. எது சரி? போய் முடிந்ததா, போய்க்கொண்டிருந்ததா? வாயை மூடிக்கொண்டார். பக்கத்தில் பிளஸ்ஸி, நேற்று, கங்கம்மா, முட்டை, என் புருஷன், கதவுக்குப் பின்னால் என்று சொல்லுக்குச் சொல் கையாட்டி ஸ்பானிஷில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஓவியா மேஜையில் தலையை வைத்துச் சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பிளஸ்ஸியிடம் அசரியா வந்து நின்றார். ஏரியிலிருந்து காற்று வந்து ஈரத் துண்டை அவர் முகத்தில் அடித்தது.

"நீ அந்த ஆம்லெட் விஷயத்தை வகுப்புல சொல்லியிருக்க வேண்டாம்."

"எனக்குத் தெரிஞ்ச வார்த்தையில சொல்லக்கூடியது அது ஒண்ணுதாங்க இருந்துச்சு."

"நாளைக்கு நீ குறுக்க பேசாம இருந்தா போதும். நான் எல்லாம் தயார் பண்ணிட்டேன். பிசகில்லாம சொல்லிடுவேன்."

பிளஸ்ஸி கிளிப்பை வாயிலிருந்து எடுத்தாள். "ஒரு வாரமா உங்க வாயிலிருந்து ஒரு வார்த்தை வரலை. நாளைக்கு மட்டும் எங்கிருந்து வரும்?"

"அழைப்பு எனக்கு வந்ததுடி."

"உங்களுக்குத்தான் வந்துச்சு. நானா இல்லைன்னேன்? அழைப்பு வந்தா எடுத்துப் பேசணும். நீங்க போனைக் கையில வெச்சுக்கிட்டு, துடைச்சுத் துடைச்சுப் பார்த்துக்கிட்டிருக்கீங்க."

அசரியாவுக்குச் சுருக்கென்றது. "உனக்குத்தான் வர இஷ்டமே இல்லையே. வேண்டாம்னு சொன்னா சந்தோஷமா வீட்டுக்குப் போயிடுவியே."

"திங்கக்கிழமை அப்படித்தான் நினைச்சேன்," என்றாள் பிளஸ்ஸி. அவள் குரல் திடீரென்று இறங்கிவிட்டது. "அவங்க வேண்டாம்னு சொல்லணும்னு ஜெபம்கூட பண்ணேன். இப்ப அப்படி இல்லைங்க. எனக்குப் போகணும். கல்யாணம் ஆனதிலிருந்து இத்தனை பேரு என் பேச்சை ஆசையா கேட்டதே இல்லை. ரெண்டு பேரும் தேறணும்னு பென்னி சொன்னாரே, ஞாபகம் இருக்கா? நீங்க வாயை மூடிக்கிட்டா நானும் சேர்ந்து பொழிச்சலூருக்குத்தான் திரும்பணும்."

துண்டை உதறிக் கொடியில் போட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டாள். அசரியா பழக்கதோஷத்தில் அந்தத் துண்டின் இரண்டு ஓரங்களையும் சமமாக இழுத்து விட்டார். பிறகுதான் கை நின்றது. வாரம் முழுக்க அவர் கவலைப்பட்ட ஆள் தவறான ஆள் என்று அப்போதுதான் உறைத்தது.

சனிக்கிழமை சாயங்காலம் கூடத்தில் பெரிய டி.வி.யைக் கணினியோடு இணைத்தார்கள். பென்னி ஒரு பக்கம், ஓவியா ஒரு பக்கம், நடுவில் தம்பதிகள். அசரியா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பிளஸ்ஸி மெரூன் புடவை. திரை விரிந்ததும் அங்கே காலை வெயில். மண்சுவர் ஒன்றுக்கு முன்னால் பெஞ்சுகளில் ஐந்தாறு பேர். நடுவில் வட்டத் தொப்பியும் இரட்டைப் பின்னலுமாக வயதான ஓர் அம்மையார். அந்தச் சபையின் மூப்பர், பெயர் தியோதோரா. அவர் வேண்டும் என்றால் வேண்டும், வேண்டாம் என்றால் வேண்டாம் என்று பென்னி முன்னமே சொல்லியிருந்தார்.

அசரியா எழுந்து நின்றார். "புவெனோஸ் தியாஸ்," என்று அவர்கள் நேரத்துக்குக் காலை வணக்கம் சொல்லித் தொடங்கினார். நன்றாகத்தான் போனது. வாழ்த்து முடிந்தது, பெயர் முடிந்தது, ஊரில் பாதி முடிந்தது. அப்போது சமையலறையில் கங்கம்மாவின் குக்கர் விசில் அடித்தது.

திரையில் இருந்தவர்கள் திடுக்கிட்டார்கள். அது என்ன சத்தம் என்று அம்மையார் கேட்டார்.

உரையில் அந்தக் கேள்விக்கு இடமில்லை. ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனம் சொல்லும் பிள்ளையை நடுவில் நிறுத்தினால் என்ன செய்யுமோ, அசரியாவும் அதைத்தான் செய்தார்.

"புவெனோஸ் தியாஸ்," என்று முதலிலிருந்து தொடங்கினார்.

அங்கிருந்தவர்களும் பணிவாக இன்னொரு முறை வணக்கம் சொன்னார்கள். இந்தத் தடவை ஊர் முடிந்து, அழைப்பு வந்த விதம் வரைக்கும் போனார். அடுத்த விசில். அம்மையார் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கவலையாகச் சொன்னார்.

"புவெனோஸ் தியாஸ்," என்றார் அசரியா.

ஓவியா கையால் முகத்தை மூடிக்கொண்டாள். பென்னி கூரையைப் பார்த்தார். பிளஸ்ஸிதான் எழுந்தாள். சமையல், சோறு, பானை என்று ஸ்பானிஷில் சொல்லி, மூடி போடுவதுபோல் காட்டி, கன்னத்தை உப்பி குக்கர் மாதிரியே ஒரு விசில் அடித்தாள். திரையில் பெரிய சிரிப்பு. ஒரு கிழவர் தானும் விசிலடித்துப் பார்த்தார். பிளஸ்ஸி அவர்களிடம் குளிரைப் பற்றிக் கேட்டாள், உருளைக்கிழங்கைப் பற்றிக் கேட்டாள், அம்மையாரின் தொப்பி காற்றில் பறக்காதா என்று கேட்டாள்.

அம்மையார் சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிறகு கையைத் தூக்கி எல்லாரையும் அடக்கினார். நேராக அசரியாவைப் பார்த்தார்.

"எர்மானோ," என்றார். சகோதரரே என்று அர்த்தம். பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். இங்கே குளிர் அதிகம். மூச்சு முட்டும். கடை கண்ணி தூரம். உங்கள் மனைவிக்கு வர ஆசை என்று தெரிகிறது. உங்களுக்கு?

அசரியாவுக்குக் கேள்வி முழுவதும் புரிந்தது. அவர் பிளஸ்ஸியைப் பார்த்தார். இந்நேரம் அவள் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். பிளஸ்ஸி உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய்க்குள் சொற்கள் முட்டி மோதுவது அவள் கன்னத்தில் தெரிந்தது. அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உலகத்திலேயே அசரியா ஒருவருக்குத்தான் தெரியும்.

ஆண் பெண் பார்க்கவில்லை. காலம் பார்க்கவில்லை. கையில் அகப்பட்டதை அப்படியே எடுத்துக் கொடுத்தார். தமிழில் சொன்னால் அது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"நான் பயம். நிறைய பயம். வேலை இல்லை, வீடு இல்லை, எல்லாம் விட்டது நேற்று. மொழி கெட்டது. வாய் மெதுவாக. மனைவி வேகமாக. ஆனால் கை நல்லது." இரண்டு கைகளையும் கேமராவுக்கு நேராக நீட்டிக் காட்டினார். "இயந்திரம் துரு. பிள்ளைகள் காத்திருக்கிறது. நான் வர வேண்டும். நான் வேண்டும். மிகவும். வா!"

கடைசியில் அந்த 'வா' எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை. நிறுத்திவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டார். ஓவியா கையை முகத்திலிருந்து எடுத்து அவரைப் பார்த்தாள். இந்த ஒரு வாரத்தில் அவர் பேசியதில் இதுதான் அதிகம்.

திரையில் இருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தங்களுக்குள் பேச ஆரம்பித்தார்கள். அசரியா உற்றுக் கேட்டார். ஒரு சொல்லும் பிடிபடவில்லை.

"என்ன சொல்றாங்க?" என்று ஓவியாவிடம் கிசுகிசுத்தார்.

"சார், எனக்கே ஒண்ணும் புரியல. இது ஸ்பானிஷே இல்ல சார்."

அந்த ஒரு நிமிஷம் அந்தக் கூடத்தில் அசரியாவும் ஓவியாவும் பிளஸ்ஸியும் சரிசமமான மாணவர்களாக இருந்தார்கள். பென்னி மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகத்தில் சிரிப்பு மெல்லப் பரவியது.

தியோதோரா அம்மையார் திரும்பினார். மறுபடி ஸ்பானிஷில் பேசினார். பென்னி தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

"வாங்கன்னு சொல்றாங்க. ரெண்டு பேரையும். சிஸ்டர் வந்ததும் முதல்ல அந்தக் குக்கரை எப்படி உபயோகிக்கறதுன்னு காட்டணுமாம். மலைமேல உருளைக்கிழங்கு வேக ரொம்ப நேரம் ஆகுதாம்."

பிளஸ்ஸிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. இரண்டு கைகளையும் உயர்த்தி, "க்ராசியாஸ், க்ராசியாஸ்," என்றாள். அங்கே உள்ளவர்கள் விசிலடித்தார்கள்.

"பிரதர், உங்களுக்கும் ஒண்ணு சொன்னாங்க," என்றார் பென்னி. "அவங்களுக்கும் ஸ்பானிஷ் தாய்மொழி இல்லையாம். கடைக்கும் ஆபீஸுக்கும்தான் அதுவாம். பட்டறையில பசங்க பேசறது இப்ப அவங்க பேசினாங்களே, ஐமாரா, அது. அதனால ஸ்பானிஷ் தப்பு வந்தா கவலைப்பட வேண்டாம்னாங்க. நீங்க வந்ததும் ஐமாரா கத்துக்கொடுக்க ஆள் ஏற்பாடு பண்றாங்களாம்."

அசரியாவின் முகத்தைப் பார்த்த ஓவியா, தண்ணீர் எடுத்துவர எழுந்தே விட்டாள்.

திரை அணைந்தது. பென்னி ஒரு சின்ன ஜெபம் செய்து முடித்தார். கங்கம்மா குழம்போடு எட்டிப் பார்த்து, "இன்னா, பாஸா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போனாள். பென்னியும் ஓவியாவும் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். அசரியா இன்னும் அணைந்த திரைக்கு முன்னால் நாற்காலியின் நுனியிலேயே உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க? எழுந்திரிங்க. வேணும்னுட்டாங்க இல்ல?"

"வேணும்னுட்டாங்க."

"அப்புறம் என்ன?"

"ஒண்ணுமில்ல. இயந்திரப் பராமரிப்பு பத்தி ஒரு பத்தி இருந்துச்சு பிளஸ்ஸி. ரொம்ப நல்லா வந்திருந்துச்சு. அதைச் சொல்ல விடவே இல்லையே."

"பரவாயில்லை விடுங்க," என்று அவர் முழங்கையைப் பிடித்து எழுப்பினாள் பிளஸ்ஸி. "ஏரோப்ளேன்ல பக்கத்து சீட்ல யாராவது உட்காருவாங்க. பாவம், அவங்களால எழுந்து போகவும் முடியாது. முழுசா சொல்லிட்டு வாங்க."